வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

எங்கள் கோடவுனில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை வந்தது ஜெர்மன்காரர்களின் புண்ணியத்தால்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்லத் தயார். ஆரியசாலையில் லிங்கம் அண்ணாச்சியின் மலைச்சரக்குக் கடையில் இருபது பெண்கள் ஏலக்காயும் மிளகும் ஜாதிபத்திரியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவசரத்துக்கு அடுத்த சந்தில் உள்ள ஹோட்டலுக்குப் போய், கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணாச்சியிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "பாப்போம்" என்பார். அவருடைய "பாப்போம்" பத்து வருஷம் ஓடும். பிறகு ஹாம்பர்க்கில் ஒரு கம்பெனி எங்கள் ஜாதிபத்திரியைக் கேட்டது. அவர்களுடைய ஆடிட்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினார். அடுத்த மழைக்கு முன்னால் டைல்ஸ் போட்ட கழிப்பறை எழும்பி நின்றது.

நான் அங்கே கணக்கு எழுதப் போனவள். வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து நடந்தே வருவேன். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் பேச வரும் என்பதால், ஹாம்பர்க்காரர்கள் வந்த பிறகு 'எக்ஸ்போர்ட் மேனேஜர்' ஆகிவிட்டேன். மேஜை அதே மேஜைதான், காலுக்கு அடியில் வைத்த அட்டைகூட மாறவில்லை. கடையில் எல்லோருக்கும் நான் மாமி. சீதாலக்ஷ்மி என்று கூப்பிடுவது பேங்க்காரர்கள் மட்டும்.

ஹாம்பர்க் வந்ததில் நல்லது நிறையவே நடந்தது, அதை மறைக்கக் கூடாது. பெண்களுக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., தலைக்குத் தொப்பி, உட்கார நாற்காலி எல்லாம் வந்தன. பொறுக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவியான இசக்கிசெல்வி, தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து கல் சுமந்தவள், தன் பெயரில் பாஸ்புக் வைத்துக்கொண்டாள். கோடவுன் பூனைக்கு மட்டும்தான் நஷ்டம். உணவுப் பொருள் இருக்கும் இடத்தில் பிராணிகள் கூடாதென்று அதைத் துரத்திவிட்டார்கள். அண்ணாச்சியும் உள்ளே வெற்றிலை போடுவதை விட்டார். ஹாம்பர்க்கின் விலை நன்றாக இருந்ததால் சாலைக் கம்போளம் என்கிற கடைவீதியின் பழைய வாடிக்கைக் கடைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். கடைசியில் எங்கள் சரக்கு முழுவதும் ஒரே வழியில், ஒரே ஆளுக்குப் போனது. எனக்கு அது அப்போதே உறுத்தியது. சொன்னேன். "பாப்போம்" என்றார்.

ஜாதிபத்திரி என்பது ஜாதிக்காயின் மேல் சுற்றியிருக்கும் சிவப்புத் தோல். நன்றாகக் காய்ந்தால் விலை, கறுத்தால் போச்சு. காய்கிற காலம் பார்த்து இங்கே மழை பிடித்துக்கொள்ளும். அதனால் மலைப்பக்கத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகையில்தான் உலர்த்துவார்கள். ஹாம்பர்க்காரர்கள் முதல் கூட்டத்திலேயே அது ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். புகையிலிருந்து ஏதோ ஒரு விஷம் சரக்கில் ஒட்டுகிறதாம். பெயர் வாயில் நுழையாது.

அதைக் கேட்டு உடனே செய்தவர் ஒரே ஆள், வித்துராவில் இருக்கும் சத்தியநேசன். களியக்காவிளைப் பக்கத்துக்காரர், மலையில் நிலம் வாங்கிக் குடியேறியவர். அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார் என்று பல வருஷத்துக்கு முன்பே ரப்பரை வெட்டிவிட்டு ஜாதிக்காய் மரம் வைத்தவர். கரண்டில் ஓடும் டிரையர் ஒன்றையும் வாங்கி வைத்தார். எங்களுக்கு வரும் பத்திரியில் பாதி அவருடையது. மீதி அங்கும் இங்குமாகச் சிறு விவசாயிகள், அவர்களும் மெல்ல மெல்லப் புகையை விட்டிருந்தார்கள். எல்லார் பெயரும் ஹாம்பர்க்கின் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. எந்தச் சாக்கு எந்த மரத்திலிருந்து வந்தது என்று அவர்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு பார்க்கலாம்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஹாம்பர்க்கில் முதல் தடவையாகச் செய்த பரிசோதனையின் முடிவு வந்தது. எல்லார் சரக்கையும் கலந்து நாங்கள் அனுப்பிய பத்திரியில் அந்தப் புகை விஷம் வரம்புக்கு மேல் இருக்கிறதாம். ஹாம்பர்க்கில் எங்கள் கணக்கைப் பார்க்கும் கிளாரா என்ற அம்மாள் வீடியோவில் வந்தாள். கோபமே இல்லாத முகம். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாதானம் சொல்லலாம். யாரோ ஒரு விவசாயி புகையில் உலர்த்தியிருக்கிறார், அது யார் என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

அண்ணாச்சி வியர்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கக்கூட இல்லை. "அதிகம் தந்தது வித்துராக்காரர்தான். அவர் பேரச் சொல்லுங்க மாமி" என்றார்.

அவர்தானே டிரையர் வைத்திருக்கிறார் என்று நான் மெல்லக் கேட்டேன். கரண்ட் போன அன்று அடுப்பில் போட்டிருப்பார், வேறு யார் என்றார். நான் மொழிபெயர்த்தேன். எனக்கு வேலையே அதுதான். கிளாரா எதையோ தட்டினாள். சத்தியநேசன் அவர்கள் பட்டியலிலிருந்து போய்விட்டார். அதோடு நிற்கவில்லை. கொச்சியில் அதே ஹாம்பர்க்குக்காக வாங்கும் பெரிய கம்பெனியும் அந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். ஆரியசாலையில் ஒரு பெயர் சொன்னதில் அந்த மனிதருக்கு மலையிலிருந்து இறங்கும் எல்லா வழியும் அடைந்துபோயிற்று. எங்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாள் கிளாரா. அவருடைய சரக்கு ஒரு துளியும் கலக்காமல் புதுச் சாம்பிள் அனுப்ப வேண்டும். அதுவும் தவறினால் நாங்களும் பட்டியலில் இருக்க மாட்டோம்.

சத்தியநேசன் மறுநாளே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. டிரையரை வந்து பாருங்கள் என்று கேட்டார். அண்ணாச்சி தராசைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் மேலிடத்து முடிவு, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். இந்த ஆரியசாலையில் அவருக்கு மேலிடம் என்று இருந்தது அவருடைய அம்மா ஒருத்திதான், அவளும் போய்ச் சேர்ந்து வருஷமாயிற்று. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சத்தியநேசன் நின்றுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு ஒரே பயம். கண்ணு பட்டிருக்கு என்று முடிவுக்கு வந்தார். எதிர்க்கடை, பக்கத்துக்கடை, கழிப்பறையைப் பார்த்துப் பெருமூச்சுவிட்ட ஹோட்டல்காரர் என்று சந்தேகப்பட ஆளுக்கா பஞ்சம்?

எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் சாம்பிராணி போடுவோம். எல்லாக் கடையிலும் உள்ளதுதான், ஆனால் எங்கள் முறை கொஞ்சம் விசேஷம். வாசலில் காட்டிவிட்டு உள்ளே போய், சாக்குகளின் வாயைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு சாக்குக்கும் புகை காட்ட வேண்டும். அப்படிச் செய்தால் சரக்கு தேங்காமல் ஓடும் என்பது அண்ணாச்சியின் அப்பா காலத்து வழக்கம். கனலை எடுத்துக்கொண்டு சுற்றுவது இசக்கிசெல்வி. நாங்கள் எல்லோரும் புகையைக் கையால் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஆடிட்டர்கள் வருவது காலையில். பீடி, சிகரெட் உண்டா என்று கேட்பார்கள், இல்லை என்போம். சாம்பிராணியைப் புகை என்று அவர்களும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அது பூஜை.

இப்போது கண்ணேறு கழிய வேண்டுமென்று அண்ணாச்சி அதைத் தினசரி ஆக்கினார். புதுச் சாம்பிளுக்கு வைத்த சாக்குகளுக்கு விசேஷமாக இரண்டு சுற்று. இசக்கிசெல்வியும் மனசாரச் செய்தாள். இருபது பெண்கள் பிழைப்பு அந்தச் சாக்கில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது முடிவு வந்தது. முன்னைவிட மோசம்.

அண்ணாச்சி கல்லாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சத்தியநேசனுடைய பத்திரி ஒரு துளி கூட இல்லையே, பின்னே எப்படி என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். எனக்கும் புரியவில்லை. ஹாம்பர்க்குக்கு அனுப்பியதில் ஒரு பங்கை இங்கேயும் எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பையைப் பிரித்தேன், சும்மா பார்ப்பதற்கு. பத்திரியின் காரமான வாசனை முதலில் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் புடவையில் வரும் வாசனை.

இசக்கிசெல்வியைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். முகர்ந்தாள். பையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"மாமி, என் பேரச் சொல்லிராதீங்க" என்றாள்.

அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது, இந்த மாதிரி விஷயத்தில் பழி எந்தப் பக்கம் உருளும் என்று. ஹாம்பர்க் எங்களைக் கேட்டது, நாங்கள் மலையைக் காட்டினோம். இனி மலையைக் காட்ட முடியாதென்றால் கனல் பிடித்தவளைக் காட்டுவோம். மேலிருந்து வரும் கேள்வி யாராவது ஒருவர் தலையில் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், அது எப்போதும் தனக்குக் கீழே இருப்பவர் தலையாகவே அமைந்துவிடுகிறது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெய்வ காரியத்தைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றார்.

"எங்காத்துலயும் சாம்பிராணி போடறோம் அண்ணாச்சி. அரிசிப் பானையைத் திறந்து வெச்சுண்டு போடறதில்லை" என்றேன்.

அவர் எழுந்துபோய்த் தானே ஒரு சாக்கைப் பிரித்து முகத்தை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் சரியாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு யோசனை சொன்னார். சாம்பிராணியைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவோம். கிளாராவிடம், பாலோடு என்ற ஊரில் தாணு என்று ஒரு சின்ன விவசாயி இருக்கிறார், அவர் பெயரைச் சொல்லி, அவரையும் நீக்கிவிட்டோம் என்று இன்னொரு சாம்பிளுக்குக் கேட்போம். நம்முடைய கோடவுனிலேயே தவறு என்றால் அப்புறம் யார் வாங்குவார்கள்? இருபது பேர் பிழைப்பு என்ன ஆகும்?

அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தாணு பெயரை நான் மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், சத்தியநேசனுக்குச் செய்ததே போதும். அண்ணாச்சி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று அவர் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலியசாலைத் தெருமுனையில் அவருடைய கார் நின்றது. வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வித்துரா வரை போய் வருவோம், வாங்க என்றார். மழை விட்டு விட்டுப் பெய்தது.

சத்தியநேசன் வீட்டுப் பின்னால் ஷெட்டில் அந்த டிரையர் இருந்தது. மேலே ஷீட் போட்டு மூடி, கயிறு கட்டியிருந்தது. வராந்தா முழுவதும் பழைய பேப்பர் விரித்து ஜாதிபத்திரி பரப்பி, மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. யாரும் வாங்காத சரக்குக்காக டிரையரை ஓட்டிக் கரண்ட் பில் கட்டுவானேன் என்று சத்தியநேசனின் மனைவி எலிசாள் என்னிடம் சொன்னாள். வித்துரா சந்தையில் ஒருவன் கறுத்ததை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறானாம், அவன் சொல்கிற விலைக்கு. சொல்லிவிட்டு எங்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். அந்தச் சாயாவை வாங்க எனக்குக் கை கூசியது.

அண்ணாச்சி கயிற்றை அவிழ்த்து டிரையரைத் திறந்து பார்த்தார். தட்டுகளை இழுத்து முகர்ந்தார். சுத்தமாக இருந்தது.

சத்தியநேசன் ஷெட் வாசலில் நின்றார். "புகை ஆகாதுன்னு நீங்க சொன்னிய, டிரையர் வச்சேன். ரப்பர் வேண்டாம்னு சொன்னிய, முறிச்சேன். இப்ப புகை போட்டேன்னு சொல்லுதிய. நான் இனி எந்தப் பக்கம் போவேன் அண்ணாச்சி?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அண்ணாச்சி சாயாவைக் குடித்து முடித்து டம்ளரைத் தானே கொண்டுபோய் அடுக்களை வாசலில் வைத்தார். திரும்பும் வழியில் நெடுமங்காடு சந்தையில் வண்டி நெரிசலில் நின்றபோது, "நாளைக்கு அந்த ஹாம்பர்க் அம்மாவ விளிங்க மாமி" என்றார்.

திங்கட்கிழமை கிளாரா திரையில் வந்தாள். அண்ணாச்சி சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். இசக்கிசெல்வி கதவோரம் நின்றாள். போகச் சொன்னபோதும் போகவில்லை.

"சத்தியநேசன் சரக்குல ஒரு குத்தமும் இல்ல. புகை எங்க கடையில உள்ளது. சாம்பிராணி" என்றார் அண்ணாச்சி.

நான் சொன்னேன். சாம்பிராணி என்றால் என்ன என்று கிளாரா கேட்டாள். கனலில் போடும் பிசின், வழிபாட்டுக்கு என்றேன். அவளுக்குப் புரிந்தது. தன் ஊர்ச் சர்ச்சிலும் இது மாதிரி போடுவார்கள் என்றாள். கொஞ்சம் நிறுத்தி, ஆனால் அங்கே ஜாதிபத்திரி வைப்பதில்லை என்றாள். பிறகு, யார் புகை போட்டது, அந்த ஊழியருக்குப் பயிற்சி கொடுத்திருந்தீர்களா என்று கேட்டாள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். இசக்கிசெல்வி தரையைப் பார்த்தாள்.

"நான்" என்றார் அண்ணாச்சி. "நான் போடச் சொன்னேன். எங்க அப்பாவும் போடுவாங்க. வேற யாரும் இல்ல."

அதைச் சொன்ன ஆங்கிலம்தான் நான் இதுவரை பேசியதிலேயே சுலபமான ஆங்கிலம்.

கிளாரா முகம் மாறவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றாள். அடுத்த பருவம் வரை எங்களிடம் வாங்க முடியாது, கோடவுனைக் கழுவிப் பெயிண்ட் அடித்து மறுபடி ஆடிட் நடக்க வேண்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றாள். இருபது பேரைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது, அவ்வளவு தூரம். அண்ணாச்சி ஒரே ஒரு விஷயம் கேட்டார், சத்தியநேசன் பெயரை இன்றைக்கே ஏற்றுவார்களா என்று. கிளாரா தட்டினாள். ஏற்றியாயிற்று என்றாள். பெயரை எடுத்ததும் ஒரு தட்டு, ஏற்றியதும் ஒரு தட்டு.

பிறகு வந்த மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. அண்ணாச்சி சாலைக் கம்போளத்தில் தான் கைவிட்ட கடைகளுக்கெல்லாம் நடந்தார். சிலர் டீ வாங்கிக் கொடுத்தார்கள், சிலர் குத்திக்காட்டினார்கள், இரண்டு மூன்று பேர் மட்டும் ஆர்டர் கொடுத்தார்கள். பெண்களில் பாதிப் பேரைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. அவர்களும் நாள்விட்டு நாள். இசக்கிசெல்வி காலையில் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கிவிட்டு மத்தியானம் இங்கே வந்தாள். வாசனை பிடித்த அந்தச் சாக்குகளை ஒரு மசாலாக் கம்பெனிக்காரர் நல்ல விலைக்குக் கேட்டார். ஹாம்பர்க் வயிற்றுக்கு ஆகாதது நம் பிள்ளைகள் தின்னும் பிரியாணிக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டேன். அண்ணாச்சி விற்கவில்லை. இன்னும் கோடவுனுக்கு வெளியே ஒரு மூலையில் கிடக்கின்றன.

சத்தியநேசனின் பத்திரியைக் கொச்சிக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நல்ல விலை என்று கேள்விப்பட்டோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. பொய் சொல்வானேன்.

அடுத்த பருவத்தில் ஆடிட் முடிந்து கிளாரா ஒரு சோதனை லோடுக்குச் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை, சந்தேகமே இல்லாத விவசாயியின் சரக்காக இருக்க வேண்டும். அவர்கள் கம்ப்யூட்டரில் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அண்ணாச்சி ஃபோனைக் கையில் எடுத்து, வைத்து, எடுத்து, கடைசியில் பேசினார்.

சத்தியநேசன் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீப்பில் வந்தார். சாக்குகளை இறக்கினார்கள். எதிர்பார்த்ததில் பாதிதான் இருந்தது. அண்ணாச்சி எண்ணிப் பார்த்தார், கேட்கவில்லை. சத்தியநேசனே சொன்னார்.

"மத்தது கொச்சிக்கு. முழுசும் ஒருத்தருக்குன்னு இனி குடுக்க மாட்டேன் அண்ணாச்சி. ஒங்களுக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. கோவப்படாதீங்க."

"கோவம் என்னத்துக்கு?" என்றார் அண்ணாச்சி. "இந்தப் புத்தி எனக்குல்லா முந்தி வந்திருக்கணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டார். சத்தியநேசன் நின்றுகொண்டே இருந்தார். ஜீப்பை அனுப்பிக் கூலி பேசிச் சாக்குகளை உள்ளே அடுக்கி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. கோடவுனைக் கழுவிய நாள் முதல் எங்கள் சாம்பிராணி வாசலோடு சரி, உள்ளே போவதில்லை. இசக்கிசெல்வி பழக்கத்தில் கனலைத் தயார் செய்து எடுத்து வந்தவள், வாசலில் புதுச் சாக்குகளைப் பார்த்து நின்றுவிட்டாள். இரண்டு சாக்கு இன்னும் படியில்தான் இருந்தன. சத்தியநேசன் கனலைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும், அண்ணாச்சியே ஃபோனில் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி எழுந்து கனல் கரண்டியை இசக்கிசெல்வியிடமிருந்து வாங்கிக்கொண்டார். படியிறங்கித் தெருவைத் தாண்டி எதிர்க்கடை ஓரத்தில் போய் நின்று, எங்கள் கடையைப் பார்த்துப் புகை காட்டினார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. இன்னும் தள்ளிப் போனார். தலையில் மூட்டையோடு வந்த ஒரு சுமட்டுக்காரர் வழிவிடச் சொல்லிக் கத்தினார். அவருக்கு வழிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் புகை எங்கே போகிறதென்று பார்த்தபடி, தெருமுனை வரை போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. புகையால் இல்லை, புகைதான் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே.

சத்தியநேசன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போதும் அண்ணாச்சி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அங்க நின்னே காட்டுங்க. சாமிக்குக் கடை தெரியும்."

அண்ணாச்சி தெருமுனையிலேயே நின்று காட்டிவிட்டு வந்தார்.